நாளைக்கு அரை ஷிப்ட் உண்டா என்பதை இன்றே சொல்லிவிடுங்கள்

திருப்பூர்ப் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கும், அவர்களுக்காக எங்களை வேலை வாங்கும் மேனேஜர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் வணக்கம்.

நான் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள். கல்யாணத்துக்கு முன்னால் செக்கிங், பிறகு டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி, இப்போது டைலர் என்று என் வயதில் பாதி உங்கள் கம்பெனிகளுக்குள்தான் கழிந்திருக்கிறது. கூலி உயர்வு கேட்டு இந்த மடலை எழுதவில்லை. அதைச் சங்கத்தார் உங்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசட்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று சட்டம் சொல்வதும், மாலைக்குமேல் நிற்கும் அரை ஷிப்டுக்கு ஒற்றைக் கூலியே பல இடங்களில் கிடைப்பதும் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதுவும் பேசித் தீர்க்க வேண்டியதுதான். ஆனால் இன்று நான் பேச வந்தது எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றி.

கேட்பது ஒன்றே ஒன்று. நாளைக்கு அரை ஷிப்ட் உண்டா இல்லையா என்பதை இன்று மாலை நாங்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் சொல்லிவிடுங்கள். அது முடியாத நாளில், காலை எட்டரைக்கு நாங்கள் உள்ளே நுழையும்போதாவது சொல்லுங்கள். சாயங்கால டீயைக் குடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்த பிறகு, சூப்பர்வைசர் லைன் லைனாக வந்து "இன்றைக்கு ஒன்றரை" என்று சொல்லிக்கொண்டே போகும் வழக்கம் நிற்க வேண்டும்.

பிற ஊர்க்காரர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் காலை எட்டரைக்கு வேலை தொடங்கினால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். அதற்குமேல் எட்டரை வரை நின்றால் அரை ஷிப்ட் சேரும். இரண்டும் சேர்ந்தது ஒன்றரை. ஷிப்மெண்ட் நெருங்கினால் வாரம் முழுவதும் ஒன்றரைதான். ஆர்டர் இல்லாத மாதத்தில் ஒரு ஷிப்டே கிடைத்தால் பெரிது. வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும்போது அதில் அரை ஷிப்ட் எத்தனை என்பதை வைத்துத்தான் சீட்டுப் பணமும் பள்ளிச் செலவும் கட்டுகிறோம். ஆகவே அரை ஷிப்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எங்களுக்கும் வேண்டும். என்றைக்கு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

என் வீட்டில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பெரிய சிக்கல் இல்லாமல் நடந்துவிடுகின்றன. சின்னவள் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு, அவளுக்குக் காலை டிபன் அங்கேயே கிடைக்கிறது. உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ, சாம்பாரோடு சூடாகத் தருகிறார்கள். பெரியவன் ஒன்பதாம் வகுப்பு. திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் அவனுக்கு நான்தான் தோசை சுட வேண்டும். மதியத்துக்கு இருவருக்கும் சத்துணவு, முட்டையோடு. நானும் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். எனக்கும் வீட்டுக்காரருக்கும் தூக்குப்போசியில் சோறும் ஒரு குழம்பும் கட்டிக்கொள்கிறோம். ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இவை வீட்டில் இருக்கும்வரை காலை ஏழரைக்குள் சமையலை முடித்துவிட எனக்குக் கை பழகிவிட்டது.

ஆக, சின்னவளின் இரண்டு வேளையையும் பெரியவனின் ஒரு வேளையையும் அரசாங்கம் தாங்கிப் பிடிக்கிறது. மூன்றாவது வேளைதான் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஒரே வேளை. அது உங்கள் சூப்பர்வைசர் சொல்லும் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கொங்குச் சமையல் தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களில் பலருக்கு அடுப்படிப் பக்கம் போகிற வழக்கம் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சாப்பாடு நினைத்தவுடன் சமைக்கிற சாப்பாடு இல்லை. கொள்ளுப்பருப்பையே பாருங்கள். காலையில் கல் அரித்து, கழுவி, ஊறப்போட்டுவிட்டு வேலைக்கு வந்தால் மாலை ஆறேகாலுக்கு நான் வீடு சேரும்போது அது பருத்துத் தோல் இளகி வேகத் தயாராக இருக்கும். குக்கரில் ஏழெட்டு விசில். வெந்த தண்ணீரை வடித்துத் தனியே வைத்தால் ரசத்துக்கு ஆயிற்று. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லி விதை, வரமிளகாய் எல்லாவற்றையும் எண்ணெயில் வதக்கி, வெந்த கொள்ளோடு சட்டியில் போட்டு மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும். மத்தில் கடைந்தால்தான் பாதி மசிந்தும் பாதி மசியாமலும் நிற்கும். சுடுசோற்றில் அதைப் போட்டு நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து கொடுத்தால், காய் வேண்டாம் என்று முகம் திருப்பும் என் மகள்கூட இரண்டாம் முறை வட்டிலை நீட்டுவாள். எடுத்து வைத்த தண்ணீரில் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்தால் மறுநாள் எங்கள் போசிக்கும் அது ஆகும். செலவு அதிகம் இல்லை. ஆனால் அதற்கு ஊறுகிற நேரம் வேண்டும், ஊறிய பிறகு அடுப்பில் ஏற்ற ஆள் வேண்டும்.

அரை ஷிப்ட் என்று மாலையில் சொல்லும் நாளில் என்ன ஆகிறது? எட்டரைக்கு மெஷினை நிறுத்தி, வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்துவிட்டு, கேட்டில் பையைத் திறந்து காட்டி, பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குள் நுழையும்போது ஒன்பதேகால். எங்கள் வீடு லைன் வீடு, மேலே சிமெண்ட் அட்டை. பங்குனி, சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கு ஊறப்போட்ட கொள்ளு அந்நேரத்துக்கு மேலே நுரை கட்டி, தண்ணீர் பழுப்பாகி, மூடியைத் திறந்தாலே புளித்த வாடை அடிக்கும். நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவிப் பார்த்தாலும் வாடை போகாது. மாவு ஆட்ட ஊறப்போட்ட அரிசிக்கும் உளுந்துக்கும் இதே கதிதான். அன்று கொட்டியது போக, மறுநாள் காலைத் தோசைக்கும் மாவு இல்லை. உளுந்து விற்கிற விலையில் ஒரு படி உளுந்தைச் சாக்கடையில் ஊற்றுகிறவளின் வயிறு எப்படி எரியும் என்பது அதைச் செய்தவளுக்குத்தான் தெரியும்.

முதல் நாளே சொல்லியிருந்தால் அன்று கொள்ளும் ஊறாது, அரிசியும் ஊறாது. காலையிலேயே தக்காளித் தொக்கைக் கொஞ்சம் கூடுதலாகக் கிளறி வைத்துவிடுவேன், பெரியவன் பள்ளியிலிருந்து வந்து சோறு மட்டும் வடித்துக்கொள்வான். அவனுக்கு அது தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காலை எட்டரை மணிக்குச் சொன்னால்கூட, அவன் பள்ளிக்குக் கிளம்புமுன் போனில் கூப்பிட்டு, ஊறுவதை வடித்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிடலாம். மாலை ஐந்தேகாலுக்குச் சொல்வதில் எந்த வழியும் இல்லை.

அப்போதாவது போன் செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். பல கம்பெனிகளில் காலையில் உள்ளே வரும்போதே போனைக் கேட்டில் வாங்கி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். வேலை கெடக்கூடாது, துணி வாங்கும் பையரின் டிசைன் வெளியே போகக்கூடாது என்கிறார்கள். அந்தக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மூன்று மணி நேரம் கூடுதலாக நிறுத்திவைக்கப் போகும் ஒருத்திக்கு, வீட்டில் காத்திருக்கும் பிள்ளையிடம் அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போனைக் கையில் கொடுப்பதில் என்ன ரகசியம் வெளியே போய்விடும்? நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், அரை ஷிப்ட் சொன்ன பிறகு வீட்டுக்குப் பேச வேண்டும் என்று வாட்ச்மேனிடம் போய் நின்ற பெண்களை, மேனேஜரிடம் எழுதி வாங்கி வா என்று திருப்பி அனுப்புவார்கள். மேனேஜர் அந்நேரம் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் பக்கத்து வீட்டில் யார் ஒரு ஷிப்டோடு போகிறார்கள் என்று பார்த்து, அவர்களிடம் சொல்லி அனுப்புவோம். "என் பிள்ளைகளிடம் சொல்லிவிடு அம்மிணி, அம்மா வர ஒன்பதாகும்" என்று ஒருவர் மூலம் ஒருவர் சொல்லி அனுப்பித்தான் இந்தப் பெரிய ஊரில் எத்தனையோ வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிவாகிறது.

கம்பெனி வண்டியில் வருகிறவர்களின் நிலைமை இன்னும் மோசம். குண்டடம், காங்கேயம், ஊத்துக்குளி, புளியம்பட்டி பக்கங்களிலிருந்து வேனிலும் பஸ்ஸிலும் பெண்கள் வருகிறார்கள். உடம்பு முடியவில்லை, அரை ஷிப்ட் வேண்டாம் என்று அவர்களில் ஒருத்தி சொன்னால், "சரி, போ" என்று சூப்பர்வைசர் தாராளமாகச் சொல்லிவிடுவார். எதில் போவது? வண்டி எட்டரைக்குத்தான் கிளம்பும். அதுவரை தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கூலியில்லாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பதில் மெஷினிலேயே உட்காரலாம் என்று திரும்பி வந்துவிடுவாள். அவள் வீடு போய்ச் சேரப் பத்து மணியாகும். அந்நேரத்துக்குக் கிராமத்தில் கடையும் இருக்காது. மாமியார் நல்லவராக வாய்த்திருந்தால் ராகிக் களி கிண்டி மூடி வைத்திருப்பார்.

எங்களைப் போல ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கடை இருக்கிறது. அதுதான் அடுத்த பிரச்சினை. ஒன்பதேகாலுக்கு வீடு நுழைகிறவள் என்ன செய்ய முடியும்? கொங்கு நாட்டில் இதற்குப் பாட்டன் காலத்திலிருந்து அரிசியும்பருப்பு இருக்கிறது. அரிசியும் துவரம்பருப்பும் கழுவி, சின்ன வெங்காயமும் பூண்டும் நறுக்கித் தாளித்து, மிளகு, சீரகம், மஞ்சள் சேர்த்துக் குக்கரில் ஏற்றினால் ஒரே பாத்திரத்தில் முடிந்தது. தயிரும் ஊறுகாயும் இருந்தால் ராஜ விருந்து. எத்தனையோ இரவுகள் அதுதான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வெங்காயம் உரிப்பதிலிருந்து குக்கர் ஆவி அடங்குவது வரை முக்கால் மணி நேரம் அதற்கும் வேண்டும். குடிதண்ணீர் தீர்ந்துபோய் போர்வெல் தண்ணீரை ஊற்ற வேண்டி வந்தால் இன்னும் கூடும். எங்கள் பக்கத்து உப்புத்தண்ணீரில் பருப்பு அவ்வளவு எளிதில் மசியாது. அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். குக்கரைத் திறக்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். சின்னவள் அதற்குள் சீருடையைக்கூட மாற்றாமல் பாயில் தூங்கியிருப்பாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து ஊட்டினால் நாலு வாய்க்குமேல் இறங்காது.

இதை நினைத்துத்தான் பல பெண்கள் வரும் வழியிலேயே புரோட்டாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். சில வீடுகளில் பெரிய பிள்ளை காத்திருந்து பார்த்துவிட்டு, இருக்கிற காசை எடுத்துக்கொண்டு போய்த் தம்பி தங்கைக்கு ரோட்டுக்கடைக் காளான் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் பொழுது சாய்ந்தபின் அடுப்புக்கு முன்னால் நின்று பிழைக்கிறவர்கள். என்றைக்கோ ஒரு நாள் ஆசைக்கு வாங்கித் தின்பதில் தவறும் இல்லை. ஆனால் ஷிப்மெண்ட் காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் மைதாவும் சால்னாவுமே இரவுச் சாப்பாடாகிறது. நான்கு பேருக்கு வாங்கினால் அரை ஷிப்ட் கூலியில் பாதியை அங்கேயே கொடுத்துவிட்டு வருகிறோம். உங்களிடம் வாங்கிய காசு ஒரு இரவுகூட வீட்டில் தங்குவதில்லை. உடம்பையும் மூன்று மணி நேரம் கூடுதலாகக் கொடுத்து, பிள்ளைக்கு நல்ல சாப்பாடும் இல்லாமல் போனால் அந்த அரை ஷிப்டால் யாருக்கு என்ன லாபம்?

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று சொல்கிறது. எங்கள் லைனில் தலை சுற்றுகிறது என்று மெஷினில் தலை சாய்க்கிற பெண்ணைப் பார்க்கும்போது அந்தக் கணக்கை நம்ப எனக்குக் கஷ்டமாக இல்லை. முருங்கைக்கீரை, கொள்ளு, கம்பு, ராகி என்று எதைச் சாப்பிட வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், கம்பு இடித்துச் சோறாக்கித் தின்றே எண்பது வயதுவரை காட்டில் களை எடுத்தவள். இரவு பத்தரைக்கு ஒரு முருங்கைக்கீரைக் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து காம்பு ஆய்கிறவள் எந்த ஊரில் இருக்கிறாள்?

உங்கள் பக்கத்துச் சிரமங்களும் எனக்குத் தெரியும். மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்குக் காது இருக்கிறது. சாய ஆலையிலிருந்து துணி நேரத்துக்கு வரவில்லை, கலர் ஒத்துவரவில்லை, பிரிண்டிங்கில் நின்றுவிட்டது, பையர் கடைசி நேரத்தில் லேபிளை மாற்றச் சொல்கிறார், தூத்துக்குடியில் கப்பலுக்குக் கண்டெய்னர் போய்ச் சேர வேண்டிய நாள் தவறினால் விமானத்தில் அனுப்பி நஷ்டப்பட வேண்டும், இவை எல்லாம் உண்மை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது உங்கள் முகத்தில் இருந்த கவலையை நாங்கள் பார்த்தோம். அந்தக் கவலை எங்களுக்கும் இருந்தது, உங்களுக்கு ஆர்டர் இல்லையென்றால் எங்களுக்கு ஷிப்ட் இல்லை.

ஆனால் அரை ஷிப்ட் போடுகிற எல்லா நாளும் அப்படித் திடீரென்று வந்த நாளா? இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். கட்டிங்கில் துணி விரித்த அன்றே எத்தனை பீஸ் என்று தெரிந்துவிடுகிறது. எங்கள் லைனுக்கு எதிரே போர்டில் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் எழுதியிருக்கிறது. ஒரு கழுத்துப் பட்டி வைக்க எத்தனை விநாடி, கை மடக்க எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச்சோடு எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று கணக்கெடுக்க ஆட்கள் வைத்திருக்கிறீர்கள். ஐரோப்பாவில் எந்தக் கடையில் எந்த மாதம் எந்த நிறத்தில் டி-ஷர்ட் தொங்க வேண்டும் என்பதற்குப் பல மாதம் முன்பே இங்கே நூல் வாங்குகிறீர்கள். 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் இது. அவ்வளவு பெரிய வேலையை நாள் தவறாமல் முடித்துக் காட்டுகிறவர்களுக்கு, நாளை மாலை வேலை எட்டரை வரை நீளுமா என்பது இன்று மாலையே தெரியாது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். தெரிகிறது. எங்களிடம் சொல்லத் தோன்றுவதில்லை. காலையிலேயே சொன்னால் ஆட்கள் ஏதாவது காரணம் சொல்லி நழுவிவிடுவார்கள் என்று ஒரு பயமும் இருக்கிறது. ஒரு மேனேஜரே என் காதுபட அப்படிச் சொல்லியிருக்கிறார். நழுவுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் முன்கூட்டியே சொன்னால் நிற்கக்கூடிய பெண்கள் அவர்களைவிட அதிகம். மாலையில் திடீரென்று கேட்பதால், வீட்டில் ஏற்பாடு இல்லாமல், அழுதுகொண்டே ஒரு ஷிப்டோடு கிளம்புகிறவர்களை நீங்கள் கணக்கில் எடுப்பதில்லை. மனம் வீட்டு அடுப்பில் இருக்க, கை ஓவர்லாக்கில் இருந்தால் டேமேஜ் எவ்வளவு விழும் என்று உங்கள் செக்கிங் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஏழு மணிக்குமேல் தைத்த பீஸில்தான் ஆல்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியது, அதிகம் வரும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியவர்கள் இந்த விஷயங்களை யோசித்துத்தான் எழுதினார்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன், 150 பேருக்கு மேல் இருந்தால் உட்கார்ந்து சாப்பிடக் குடிநீர் வசதியோடு ஓர் அறை, 50 பெண்களுக்கு மேல் (பின்னாளில் அதை 30 என்று குறைத்தார்கள்) இருந்தால் குழந்தைகள் காப்பகம் என்றெல்லாம் அதில் இருந்தது. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும், யார் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வேலை செய்வார் என்பதை எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஆலையில் வைக்க வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில்தான். வேலை நேரம் தொழிலாளிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட நாடு இது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

உங்களில் எத்தனையோ பேர் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, கட்டிங் டேபிளுக்கு அடியில் படுத்துத் தூங்கி, கைமடித்து, டைலராகி, நாலு மெஷின் போட்டு, அப்புறம் முதலாளி ஆனவர்கள். இந்த ஊரை வளர்த்தது அந்த உழைப்புதான் என்று நாங்களும் பெருமையாகத்தான் சொல்கிறோம். நீங்கள் அப்படி ராப்பகலாக உழைத்த நாட்களில் உங்களுக்குப் போசியில் சோறு கட்டிக் கொடுத்துவிட்டது உங்கள் வீட்டிலிருந்த அம்மாவோ மனைவியோதான். எத்தனை மணிக்கு வந்தாலும் அடுப்பில் ஏதாவது சூடாக இருந்தது. இப்போது அந்த அம்மாவே உங்கள் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். அவள் வீட்டில் அடுப்பைப் பார்க்க வேறு ஆள் இல்லை. வீட்டுக்காரர்கள் சமைக்கட்டுமே என்று கேட்பீர்களானால், சமைக்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். என் வீட்டுக்காரர் சுமாராகச் சாம்பார் வைப்பார். ஆனால் அவரும் ஒரு பிரிண்டிங் பட்டறையில் இதே ஒன்றரை ஷிப்டில் நிற்கிறார், அவருக்கும் மாலையில்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரில் யார் முதலில் வீடு சேர்வது என்று காலையில் எங்களால் பேசி வைக்கக்கூட முடிவதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். விரல் வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு மாட்டுங்கள். எந்த லைனுக்கு நாளைக்கு ஒன்றரை, எந்த லைனுக்கு ஒன்று என்று மாலை ஐந்து மணிக்குள் எழுதிவிடுங்கள். தமிழில் எழுதுங்கள், வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிற பிள்ளைகளுக்காக இந்தியிலும் எழுதுங்கள். எழுதியபடி நடக்க முடியாத அவசரம் ஒரு நாள் வந்தால் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், அதட்டாதீர்கள். அன்றைக்குப் போனைத் திருப்பிக் கொடுங்கள், நிற்க முடியாதவர்களுக்கு ஐந்தரைக்கு ஒரு வண்டி விடுங்கள், நிற்கிறவர்களுக்கு டீயோடு வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள். சில கம்பெனிகளில் இப்போதே பன்னும் சுண்டலும் தருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு என் நன்றி.

வரும் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதே அடுத்த வாரத்துக்கு உத்தேசமாக எந்தெந்த நாள் ஒன்றரை என்பதையும் சொல்லித் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை உழவர் சந்தைக்குப் போகும்போது எதை வாங்குவது, எந்த நாள் மாவு ஆட்டுவது, எந்த நாள் கொள்ளு ஊறப்போடுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓவர்லாக் டைலர் ஒருத்தி,
திருப்பூர்.